ஒரே பிக்கப், நாட்டுக்கு ஒரு புகைக்குழாய்

ஃபோர்டு ரேஞ்சரின் 3.0 லிட்டர் வி6 டீசல் எஞ்சின் ஆஸ்திரேலியாவில் 184 கிலோவாட் தருகிறது, ஐரோப்பாவில் 177. டார்க், அதாவது சுழற்று விசை, இரண்டு இடத்திலும் 600 நியூட்டன் மீட்டர். முதலாவது யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகை விதியின் சான்றோடும் இரண்டாவது அதைவிடக் கடுமையான யூரோ 6 சான்றோடும் விற்பனைக்கு வந்தது. வாங்க நினைப்பவர்கள் இந்த 7 கிலோவாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். சுமையோடு மேடு ஏறும்போது அது காலுக்குத் தெரியாது. எந்த டீசல் ஊற்றலாம், ஒரே ஓட்டத்தில் எவ்வளவு தூரம் போக வேண்டும், புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் தேவையா என்பவைதான் தினமும் தெரியும். வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அவற்றை வைத்துத்தான்.

பெரும்பாலான பிக்கப்புகள் அடங்குவது இலகுரக வணிக வாகனங்களிலேயே கனமான வகுப்பில். அதில் யூரோ 5 டீசலுக்குக் கிலோமீட்டருக்கு 280 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை அனுமதித்தது. யூரோ 6 அதை 125 ஆக்கியது. 280-ஐ இ.ஜி.ஆர். மூலமே, அதாவது புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் விட்டே சமாளிக்கலாம். 125-க்குப் பெரும்பாலும் புகைக்குழாயில் வேலை செய்யும் எஸ்.சி.ஆர். வினையூக்கியும் அதற்கான யூரியாக் கரைசலும் சேர வேண்டியிருக்கிறது.

விதி இறுகினால் எஞ்சின் சோர்ந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. அமெரிக்காவின் கனரகப் பிக்கப்புகளைப் பாருங்கள். 2007 விதி டீசல் கரி வடிகட்டியை, அதாவது டி.பி.எஃப்.-ஐக் கொண்டுவந்தது. நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் வேலை அப்போது இ.ஜி.ஆர்.-மேல் விழுந்தது. புகையை அதிகமாக உள்ளே திருப்பினால் கரி கூடும், கரி கூடினால் வடிகட்டியை அடிக்கடி எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கும் டீசல் செலவு. 2008 முதல் 2010 வரை வந்த ஃபோர்டு 6.4 லிட்டர் இந்தக் காலத்து எஞ்சின்: 350 குதிரைத்திறன், 650 பவுண்டு-அடி டார்க். 2010 விதிக்குப் பிறகு எஸ்.சி.ஆர். வந்தது. புகைக்குழாயிலேயே நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க முடிந்ததால், எஞ்சினைத் திறனாக எரியவிட வழி பிறந்தது. ஜிஎம் டியூராமேக்ஸ் 2011-ல் 397 குதிரைத்திறனுக்கும் 765 பவுண்டு-அடிக்கும் ஏறியது. பழைய அமெரிக்க டீசல் வாங்குவதானால், இடைப்பட்ட 2007–2010 ஆண்டுகளில் நான் கை வைக்கமாட்டேன்.

வடிகட்டியில் கரி சேர்ந்ததும் எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளித்துப் புகையின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிக் கரியை எரிக்கும். இதுதான் ரீஜெனரேஷன். நிற்கும்போது ஆர்.பி.எம். சற்று ஏறும், விசிறி உரக்க ஓடும், மைலேஜ் காட்டி திடீரென இறங்கும். அந்த நேரத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள். 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும். பாதியில் நிறுத்தி நிறுத்திப் போனால், சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் எஞ்சின்களில் எரியாத டீசல் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் தானாக ஏறாது. டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது என்று பொருள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், உடனே மாற்றுங்கள்.

ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பலோ எந்த வெப்பத்துக்கும் போகாது. அதனால்தான் கையேட்டில் குறைந்த சாம்பல் ஆயிலைக் கேட்கிறார்கள். அதை மீறி மலிவான ஆயில் ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள்தான் குறையும்.

தினமும் ஐந்து, பத்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியா? டீசல் வேண்டாம், பெட்ரோல் வாங்குங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் கூடக் கிடைத்தாலும் இதில் என் கருத்து மாறாது.

கந்தகம் அடுத்த கேள்வி. யூரோ 5, யூரோ 6 நாடுகளிலும், பிஎஸ்6 புகை விதி உள்ள இந்தியாவிலும் டீசலில் உச்ச அளவு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), அமெரிக்காவில் 15. இந்தியாவில் முந்தைய விதியான பிஎஸ்4 காலத்தில் 50 இருந்தது. கந்தகம் மிகுந்த டீசல் கிடைக்கும் நாட்டுக்கு நவீன வண்டியை இறக்குமதி செய்தால், வினையூக்கியின் பூச்சு கந்தகத்தால் செயலிழக்கும், வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு டீசலின் இயல்பான வழவழப்பையும் குறைப்பதால், சேர்மானம் கலந்து அதை ஈடுகட்டுகிறார்கள். அந்த அளவுகோலும் இடத்துக்கு இடம் மாறும். தேய்மானச் சோதனையில் உலோகத்தில் விழும் தழும்பை ஐரோப்பா 460 மைக்ரான் வரை ஏற்கிறது, அமெரிக்கா 520 வரை. ஐரோப்பிய டீசலை மனதில் வைத்து வடிவமைத்த உயர் அழுத்த பம்புக்கு இந்த இடைவெளி சிறியதல்ல.

யூரியாக் கரைசல் 32.5 சதவீதச் செறிவு கொண்டது. டீசலில் சுமார் 2 முதல் 5 சதவீதம் செலவாகும். நூறு லிட்டர் டீசலுக்கு இரண்டிலிருந்து ஐந்து லிட்டர் என்று வையுங்கள். மைனஸ் 11 டிகிரியில் உறைந்தாலும் டேங்க்கில் ஹீட்டர் இருப்பதால் பயமில்லை. வெயிலில் வைத்த கேன்தான் கெடும். உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள தாது உப்புகள் இன்ஜெக்டரையும் வினையூக்கியையும் அடைத்துவிடும். கரைசலைத் தவறுதலாக டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். பம்ப் ஓடினால் படிகம் எரிபொருள் வரிசை முழுக்கப் பரவும்.

அமெரிக்காவுக்குள்ளேயே விதி இரண்டு. கலிஃபோர்னியா சான்று இல்லாத வண்டி 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால், சில விலக்குகள் தவிர, அங்கே பதிவாகாது. பானெட்டைத் திறந்து உமிழ்வு லேபிளைப் படியுங்கள், எந்தச் சான்று என்பது அதிலேயே இருக்கும். எஞ்சின் நிரலை மாற்றும் டியூனர், காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் போன்ற மாற்றுப் பாகங்களுக்கும் அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு எண் வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு, இசுசு வி-கிராஸ் பிக்கப் 2.5 லிட்டரிலிருந்து 1.9 லிட்டருக்கு இறங்கியது. ஆனால் 134 பிஎஸ் 163 ஆனது, 320 நியூட்டன் மீட்டர் 360 ஆனது. கொள்ளளவைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்ன எஞ்சினில் குறைந்த ஆர்.பி.எம். சுமை இழுவை எப்படி என்பதைச் சோதனை ஓட்டத்தில், பின்னால் எடை வைத்து ஓட்டிப் பார்ப்பதே சரி.

ஆஸ்திரேலியாவில் 2025 முதல் கார்பன் டை ஆக்சைடுக்கும் கணக்கு உண்டு. வணிக வாகன வகுப்பின் இலக்கு 2025-ல் கிலோமீட்டருக்கு 210 கிராம், 2029-ல் 110. பிளக்-இன் ஹைப்ரிட் பிக்கப்புகளுக்கு அங்கே இடம் பெருகுவதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

கடைசியாக, வடிகட்டியை வெட்டி எடுத்த பழைய வண்டிகள். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் உமிழ்வுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் கணக்கிட்டது. அது சட்டவிரோதம். சோதனையில் தோற்றால் எல்லாப் பாகங்களையும் திரும்பப் பொருத்தும் செலவு வாங்கியவர் தலையில்தான் விழும். பார்க்கப் போகும்போது ஸ்கேனரைக் கையோடு கொண்டு போங்கள். கரி அளவு, கடைசி ரீஜெனரேஷனுக்குப் பின் ஓடிய தூரம், வடிகட்டியின் இரு முனை அழுத்த வித்தியாசம் ஆகிய மூன்றையும் படியுங்கள். நின்றபடி எஞ்சினை முடுக்கினாலும் அழுத்த வித்தியாசம் பூச்சியத்திலேயே நின்றால் உள்ளே வடிகட்டி இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. வாலிலுள்ள குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். கரி அப்பியிருந்தாலும் அதே சந்தேகம்தான்.