வளை வாசல் வரை

குட்டிகளிடம் பேசக்கூடாது என்பதே அந்த இனப்பெருக்க மையத்தில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. வட அமெரிக்கப் புல்வெளிகளுக்கே உரிய கருங்கால் ஃபெரெட், நம் கீரியை நினைவூட்டும் நீண்ட உடலும் முகமூடி போன்ற கறுப்புப் பட்டையும் கொண்ட, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள வேட்டை விலங்கு. அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட இவ்வினம், 1981இல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே ஒரு பண்ணை நாய் கவ்விவந்த உடலால்தான் மறுபடி தெரியவந்தது. அங்கிருந்தவற்றையும் நோய் தாக்கியதால், 1987க்குள் எஞ்சிய 18ஐயும் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். நான் இரையிட்ட குட்டிகள் அனைத்தும் அவற்றுள் 7இன் வழிவந்தவை.

விடுவிப்பதற்கு முன் குட்டிகளை மண்ணும் வளையும் உள்ள வெளிக்கூண்டில் குறைந்தது 30 நாள் வாழவிட்டு, உயிருள்ள பிரெய்ரி நாயை இரையாக விடுவோம். (பெயரில்தான் நாய், உண்மையில் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்தது.) தன் எடைக்கு நிகரான அந்த இரையை இருட்டில் கொல்லப் பழகிய குட்டிக்கே வெளியே வாழும் வாய்ப்பு உண்டு. அணிலின் அலறலைக் கேட்ட நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுவிப்பு என்றால் கூண்டைத் திறப்பது என்றே நினைத்திருந்தேன். ஆனால் பிளேக் நோய் ஃபெரெட்டையும் கொல்லும், அதன் இரையையும் கொல்லும் என்பதால், அந்நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளை ஒழிக்க வளை வளையாக மருந்துத் தூள் அடித்தபடி நாள் முழுவதும் நடப்பதே வேலையின் பெரும்பகுதி.

விடுவித்த அந்த மாலை, பெட்டிக்குள்ளிருந்த கறுப்புக் குழாயில் பதுங்கிய விலங்கு வெளியேறவே இல்லை. வளை வாசலில் இறைச்சித் துண்டை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிக் குப்புறப் படுத்திருந்தேன். ஏதேனும் சொல்லித் தேற்ற வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். இருட்டிய பின் அது வளைக்குள் இறங்கி, தலையை மட்டும் நீட்டி, என்னைப் பார்த்துச் சீறியது. எனக்குச் சம்பளம் கொடுத்ததே அந்தச் சீறலுக்காகத்தான்.

மறு இலையுதிர்காலத்தில், நள்ளிரவுக்கு மேல் விளக்கொளியைச் சுழற்றித் தேடியபோது இரண்டு பச்சைக் கண்கள் மின்னின. தோலடியில் நாங்கள் பொருத்தும் அடையாள எண் சில்லைப் படிக்கும் வளையக் கருவியை வாசலில் வைத்துக் காத்திருந்தோம். ஃபெரெட் அதனூடே தலையை நீட்டியது. கருவியில் எண் எதுவும் தோன்றவில்லை. எங்கள் கூண்டில் பிறந்ததாயின் எண் இருந்திருக்கும். உடன் வந்தவர் ஒன்றும் பேசாமல் பொறியை எடுத்துவர வண்டிக்குப் போனார். விடிவதற்குள் அதற்கும் தடுப்பூசி போட்டு, சில்லுப் பொருத்தி, அதே வளையில் விட்டாக வேண்டியிருந்தது.