சிம்பாவுக்கு ஒரு ரிவைண்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் கேமைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து யாருமில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிய அண்ணனே, "புள்ளைங்க வெளையாடட்டும்ங்க" என்று டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, அலாதீன், லயன் கிங் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் போவார். எல்லாம் கொசுறு. ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு லயன் கிங்கின் சிங்கக்குட்டி சிம்பா வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

கீபோர்டு ஒன்று, பிள்ளைகள் இரண்டு. அதனால் பாகப் பிரிவினை நடந்தது. அம்புக்குறிகள் தம்பிக்கு, தாவுகிற பட்டன் எனக்கு. சிம்பா ஒவ்வொரு முறை தண்ணீரில் விழும்போதும், அவன் முன்னாலேயே நகர்த்திவிட்டானா, நான் லேட்டாகத் தாவினேனா என்று பஞ்சாயத்து கூடும். தலைமுடி பிடிக்கிற கட்டம் வந்ததும் அம்மா வந்து ஸ்டெபிலைசரை அணைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். எங்களைப் பொறுத்தவரை லயன் கிங் என்பதே இரண்டு லெவல் கொண்ட கேம்தான். அதில் சிம்பா வளர்ந்து பெரிய சிங்கம் ஆவான் என்பதெல்லாம் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட சேதி.

காரணம் அந்த இரண்டாவது லெவல். ஆடினவர்களுக்கு இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒட்டகச்சிவிங்கித் தலைகளின் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். நெருப்புக்கோழி மேல் சவாரி செய்ய வேண்டும். அது ஓடுகிற ஓட்டத்தில் எங்கே குனிவது, எங்கே தாவுவது என்று யோசிக்க நேரமே இருக்காது. இது போதாதென்று மரத்துக்கு மரம் குரங்குகள். அவை சிம்பாவைப் பிடித்து, பந்தாகத் தூக்கி அடுத்த குரங்கிடம் வீசும், அது இன்னொன்றிடம் வீசும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து போட்டுவிடும். சில குரங்குகளைப் பார்த்துக் கர்ஜித்தால் அவை திசை மாறித் திரும்பும், அப்போது வழி கிடைக்கும். அதுதான் சூட்சுமம். கர்ஜிக்க ஒரு பட்டன் இருக்கிறது என்று சொல்லக் கையேடு வேண்டுமே, அது கொசுறோடு வருமா?

இந்த வயிற்றெரிச்சலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1994-இல் லயன் கிங் கேமைச் செய்தவர்கள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் இருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ். அடுத்த வருஷமே கமாண்ட் அண்ட் காங்கர் என்ற பிரபலமான போர் கேமைச் செய்த அதே ஆட்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயி காஸில் பிற்பாடு உண்மையைப் போட்டு உடைத்தார். அங்கே அப்போது வீடியோ கேம்களை வாடகைக்கு விடும் கடைகள் ஏகத்துக்கு இருந்தன. பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுத்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அப்புறம் எவன் வாங்குவான்? அதனால் வாடகைக் காலத்துக்குள் யாரும் அதிக தூரம் போய்விடக் கூடாது என்று டிஸ்னி கேட்டுக்கொண்டது. அதற்காகக் கஷ்டமாக்கப்பட்டதுதான் அந்தக் குரங்கு ஏற்பாடு.

ஆக, அமெரிக்காவில் வாடகைக்கு எடுக்கிற பிள்ளைகளுக்கு வைத்த பொறி. வாங்கவும் செய்யாத, வாடகையும் கொடுக்காத ஈரோட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அதில் போய் மாட்டிக்கொண்டு, ஒரு முழுப்பரீட்சை லீவையும் அதற்கே தாரை வார்த்தோம்.

இப்போது அதையெல்லாம் முறையாகக் காசு கொடுத்தே வாங்கலாம். 2019-இல் அலாதீன், லயன் கிங் இரண்டு படங்களும் புதிதாக மறுபடி எடுக்கப்பட்டு வந்தன அல்லவா, அதே வருஷம் அக்டோபரில் இரண்டு பழைய கேம்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விட்டார்கள். பழைய கேம்களைத் தூசி தட்டி இன்றைய மெஷின்களில் ஓட வைப்பதில் பேர் போன டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனத்தின் கைவேலை. செகா ஜெனசிஸ், சூப்பர் நின்டெண்டோ, கேம்பாய் என்று அந்தக் கால கேம் மெஷின்கள் ஒவ்வொன்றில் வந்ததும் தனித்தனியாக உள்ளே இருக்கிறது. 2021-இல் ஜங்கிள் புக்கும் சேர்ந்தது. கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் தள்ளுபடி போட்டிருந்த ஒரு ராத்திரி வாங்கிவிட்டேன். லேப்டாப்பை டிவியில் மாட்டியாயிற்று. பெங்களூரிலிருந்து தம்பியும் வந்திருந்தான். ஏழாவது படிக்கிற என் மகன் முன்னால் எங்கள் வீரத்தைக் காட்டப் பொருத்தமான சனிக்கிழமை.

என் வீட்டுக்காரர் முதலில் வந்து டிவியை எட்டிப் பார்த்தார். பழைய கேம் சதுரமாகத்தானே இருக்கும், அதனால் இரண்டு பக்கமும் அலங்காரப் படம் போட்டு நிரப்பியிருந்தார்கள். "என்ன, டிவில ரெண்டு பக்கமும் வேலை செய்யலையா?" என்றார். விளக்கிச் சொன்னோம். அதற்குள் தம்பி அமைப்புகளுக்குள் போய், பழைய டிவியில் தெரியுமே, அந்தக் கோடு கோடான மங்கலை வரவழைக்கும் வசதியைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டு, "ஆஹா, இப்பத்தான்க்கா உசுரு வந்துச்சு" என்று கண் கலங்கினான். வீட்டுக்காரர் நாலரை அடி அகல டிவிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவர். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மகன் அலாதீனில் தொடங்கினான். 1993-இல் வந்த செகா அலாதீன் இன்றைக்கும் கண்ணுக்கு விருந்துதான். டிஸ்னியின் ஓவியர்களே கையால் வரைந்த அசைவுகள். காவலாளியை வெட்டினால் ரத்தம் கித்தம் இல்லை, கால்சட்டை கழன்று விழும். ஒட்டகத்தின் முதுகில் குதித்தால் எதையோ துப்பும். அதே வருஷம் சூப்பர் நின்டெண்டோவுக்கு ஜப்பானின் கேப்காம் வேறொரு அலாதீன் செய்தது. அதில் அலாதீன் கையில் வாளே கிடையாது, தலையில் குதித்துத் தப்பிக்கிறவன். சாதுவான அந்தக் கேமை வடிவமைத்த ஷின்ஜி மிகாமிதான் 1996-இல் செத்த பிணங்களை எழுப்பி நடக்கவிட்ட ரெசிடென்ட் ஈவிலைச் செய்தவர். வாள் கொடுக்காமல் இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அங்கே வெடித்திருக்கும் போல.

அப்புறம் லயன் கிங். மகன் இரண்டாவது லெவலில் நெருப்புக்கோழியிலிருந்து விழுந்தான். தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையில் பாசம் இருந்தது என்று சொன்னால் பொய். படட்டும், நாங்களெல்லாம் பட்டதுதானே!

அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு பட்டனை அழுத்தினான். விழுந்த சிம்பா எழுந்தான். நெருப்புக்கோழி பின்னாலேயே ஓடியது. வேண்டிய இடம் வந்ததும் பட்டனை விட்டான், இந்த முறை சரியாகக் குனிந்தான், போய்க்கொண்டே இருந்தான். குரங்கு கட்டத்தில் தப்பாக வீசினால் ரிவைண்ட். சிம்பா ஆகாயத்தில் பின்னோக்கிப் பறந்து குரங்கின் கைக்குள் திரும்பிப் போகிறான். காபி ஆறுவதற்குள் மூன்றாவது லெவல்.

"டேய், இதெல்லாம் செல்லாது" என்றான் தம்பி. முகம் சிவந்துவிட்டது.

"ஏன் மாமா, கேமுக்குள்ளதான குடுத்திருக்காங்க?"

"எங்க காலத்துல..."

"உங்க காலத்துல இருந்திருந்தா நீங்க அமுக்கியிருக்க மாட்டீங்களா?"

தம்பி பதில் சொல்லாமல் கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான். ரிவைண்ட் இல்லாமல் ஆடிக் காட்டுவதாகச் சபதம். ஒட்டகச்சிவிங்கித் தலை வரை ராஜநடை. அடுத்த தாவலில் தண்ணீர். டிவியில் சிம்பா மூழ்கி, பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாகத் தண்ணீரிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்து ஒட்டகச்சிவிங்கித் தலையில் நின்றான்.

"விரல் பட்டுருச்சு" என்றான் தம்பி, யாரையும் பார்க்காமல். அன்று மாலை முழுக்க அந்த விரல் பட்டுக்கொண்டேதான் இருந்தது.

அம்மா வந்தது சீரியல் நேரத்துக்கு. அதற்குள் மகன் தொகுப்பில் இன்னொரு வசதியைக் கண்டுபிடித்திருந்தான். தேர்ந்த கை ஒன்று ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஆடியதைப் படமாகவே பார்க்கலாம். எந்த இடத்திலும் நிறுத்தி, அங்கிருந்து நாமே ஆடத் தொடங்கலாம். அம்மா சோபாவில் உட்கார்ந்தார்.

"ஆரு சாமி வெளையாடறது?"

"யாருமில்ல அம்மாயி, தானா ஓடுது."

"அதான பாத்தேன். உங்க மாமன் ஆடுனா இந்நேரம் தண்ணிக்குள்ளல்ல கெடப்பான்."

சீரியலை மறந்துவிட்டு அம்மா பார்க்க ஆரம்பித்துவிட்டார். கதை பிடிபட்டதோ இல்லையோ, 2019 படத்தின் தமிழ்ப் பதிப்பை டிவியில் போடும்போதெல்லாம் உட்கார்ந்து பார்ப்பவர். அதில் ஸ்காருக்குக் குரல் கொடுத்தது அரவிந்த்சாமி. அன்றிலிருந்து அந்தச் சிங்கத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் கிடையாது. மாட்டுக்கூட்டம் ஓடி வரும் கட்டத்தில் ஒருமுறை, முட்காட்டுக் கட்டத்தில் ஒருமுறை, "அரவிந்த்சாமி எப்பக் கண்ணு வருவாரு?" என்று விசாரித்துக்கொண்டார்.

வந்தார், கடைசி லெவலில். பாறை உச்சியில் பெரிய சிம்பாவும் ஸ்காரும் நேருக்கு நேர். வெறுமனே அடித்தால் சண்டை தீராது. ஸ்காரைத் தூக்கிப் பாறையிலிருந்து வீசினால்தான் கேம் முடியும்.

"ஏஞ்சாமி, இவன் எதுக்கு அந்த மனுசனைப் போட்டு இந்த அடி அடிக்கறான்?"

"அவர்தான அம்மாயி வில்லன். சிம்பாவோட சித்தப்பா."

"சித்தப்பனா? அப்பப் பங்காளிச் சண்டைன்னு சொல்லு." அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்து. அதைய இங்க குடு."

மகன் நிறுத்தினான், ஆட்டத்தை அவர் கைக்கு மாற்றிக் கண்ட்ரோலரைக் கொடுத்தான். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பட்டனையும் தொடவில்லை. சிம்பா மரமாக நின்றான். ஸ்கார் வந்து ஒரு அறை அறைந்தது. இன்னொன்று. தம்பி துடித்துப் போனான். "அம்மா, அமுக்கும்மா! தூக்கிப் போடும்மா!"

"நீ சும்மா இர்றா. பெரியவங்க ரெண்டு அடி அடிச்சா வாங்கிக்கோணும். பொறவு நாலு பேரை வெச்சுப் பேசிக்கலாம்."

உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ரத்தக்கோடு தேய்ந்து சிம்பா சாய்ந்தான். மகன் ரிவைண்ட் பட்டனுக்குக் கை நீட்டினான். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"விடு சாமி, அரவிந்த்சாமியே வெச்சுக்கட்டும். அந்தப் பாறை என்ன, வாய்க்காப் பாசன பூமியா?"