கால் மில்லிமீட்டர் பள்ளம்: கிட்டார் தலையில் பித்தளைப் பெயர்

கிட்டார் ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் நுனியிலுள்ள தலைப்பகுதியில்) ஒட்டும் உலோக லோகோவில் எல்லோர் கண்ணிலும் படுவது பெயின்ட்டும் பளபளப்பும்தான். வேலை கெடுவதோ பெரும்பாலும் அதற்கு முன்பே, எழுத்தைச் சுற்றிப் பித்தளையைக் கரைசலால் அரித்து பெயின்ட் நிரப்பும் பள்ளத்தின் ஆழத்தில். ஆழம் குறைந்தால் உப்புத்தாள் போடும்போது பெயின்ட் தேய்ந்து பித்தளை எட்டிப்பார்க்கும். கூடினால் எழுத்தின் மெல்லிய கால்களைக் கரைசல் தின்றுவிடும். 0.2 முதல் 0.25 மி.மீ. வரை கிடைத்தால் பிழைத்தோம்.

ஃபெண்டர் கிட்டாரில் இருப்பது டெக்கால் என்னும் ஒட்டுப்படம், கிப்சனின் உயர்ரக மாடல்களில் முத்துச்சிப்பி பதித்த பெயர். உலோகத்தில் உச்சம் தொட்டவை இங்கிலாந்தில் டோனி ஸெமைடிஸ் செய்த கிட்டார்கள். அவற்றின் தகடுகளில் சித்திரம் செதுக்கிய டேனி ஓ'பிரையன், துப்பாக்கிகளில் பொறிப்பு வேலை செய்தவர். உளியால் வெட்டிய பள்ளத்துக்கு ஓரம் கூர்மையாக நிற்கும். அரிக்கும் கரைசலான ஃபெரிக் குளோரைடு அப்படியல்ல. கீழே இறங்கும்போதே பக்கவாட்டிலும் அரிக்கும், ஆழத்தில் பாதியளவாவது இரண்டு பக்கமும் போகும். அதனால் கோடுகள் 0.6 மி.மீ.க்குக் குறையாமல் எழுத்தை வரைந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் கொடிபோன்ற கையெழுத்தை அப்படியே சின்னதாக்கி அரிக்கப் போட்டால், ஆங்கில 'i' மேலுள்ள புள்ளியும் வால்களும் முதலில் காணாமல் போகும்.

தகடு 22 கேஜ் பித்தளை, அதாவது 0.71 மி.மீ. இதைவிட மெல்லியதாக எடுத்தால் அரித்த பிறகு கையிலேயே வளையும். 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல், லேசர் பிரின்டரில் அச்சடித்த படத்தின் டோனரை இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் தகட்டில் ஏற்ற வேண்டும்; டோனர் மூடிய எழுத்தைக் கரைசல் அரிக்காது. படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சடிக்க மறந்தால் பெயர் இடவலம் மாறி விழும். பின்பக்கத்தையும் ஓரங்களையும் பேக்கிங் டேப்பால் மூடிவிட்டு, முகம் கீழே பார்க்கக் கரைசலில் தொங்க விடுவது நல்லது. அரித்த கசடு தானாகக் கீழே விழும், ஆழம் சீராக வரும். ஆனால் தகட்டைச் சரிவாக மெல்ல இறக்க வேண்டும். தட்டையாக வைத்தால் அடியில் காற்றுக் குமிழி சிக்கும்; குமிழி இருந்த இடத்தில் அரிப்பே நடக்காமல் வட்டமாக ஒரு மேடு நிற்கும். அதைப் பிறகு சுரண்டி எடுப்பது பெரும் பாடு. 40 டிகிரி வெதுவெதுப்பில் வேலை வேகமாக நடக்கும், நேரத்தை மட்டும் நம்பக்கூடாது. தகட்டின் ஓரத்தில் வெட்டி எறியப்போகும் பகுதியில் 10 மி.மீ. சதுரத்தை மூடாமல் விட்டு, காலிப்பரின் (நுண் அளவு பார்க்கும் கருவி) ஆழக்கம்பியை அங்கே வைத்துப் பாருங்கள். அகலமான இடம் நுணுக்கமான இடத்தைவிடக் கொஞ்சம் முந்தும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத்தை இந்தக் கரைசலில் போட்டால் சூடேறிப் பொங்கும். பயன்படுத்திய கரைசலில் செம்பு இருக்கும், சாக்கடையில் ஊற்றக்கூடாது.

பள்ளத்தை நிரப்ப என்சி (நைட்ரோ செல்லுலோஸ்) லாக்கர் வேண்டாம். அதில் பெரும்பங்கு தின்னர். ஆவியாகும் வரை பெயின்ட் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இன்று சமமாகத் தேய்த்தது சில வாரங்களில் குழிந்து தெரியும். நிறமி கலந்த இரண்டு பாக எப்பாக்சி அநேகமாகச் சுருங்காது. நிறமி எடையில் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கட்டும், மிஞ்சினால் இறுகாமல் பிசுபிசுக்கும். ஊற்றியதும் ஹேர் டிரையரை ஒருமுறை காட்டினால் குமிழிகள் மேலே வந்து உடையும். கறுப்பு எதையும் மன்னிக்கும், வெள்ளை மன்னிக்காது. தேய்க்கும்போது பறக்கும் பித்தளைத் தூள் வெள்ளைக்குள் ஏறி அழுக்குச் சாம்பலாக்கிவிடும். போதாததற்கு எப்பாக்சி நாளடைவில் மஞ்சளிக்கும். வெள்ளை கேட்பவர்களிடம் யானைத் தந்த நிறத்தைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதே எங்கள் வழக்கம்.

முழுதாக இறுக ஒரு நாளாவது விட்டு, கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பரை ஒட்டி, தகட்டைக் கவிழ்த்துத் தண்ணீரோடு தேய்க்க வேண்டும்: 400, 600, 1000, 2000. கையில் வைத்து விரலால் தேய்த்தால் அகலமான பெயின்ட் பரப்பு நடுவில் குழிந்துவிடும். உருவத்தை ரம்பத்தால் அறுத்து ஓரத்தை அரத்தால் சீராக்குவது இதற்குப் பிறகுதான். பாலிஷ் போட்டால் மூலைகளில் வெள்ளையாகத் தங்கும், அதைத் துடைத்தெடுக்காமல் மேலே லாக்கர் அடிக்கக்கூடாது. லாக்கருக்கு அடியில் சிக்கிய கைரேகை சில மாதங்களில் பழுப்பு நிறத்தில் தெளிவாக எழும்பும்.

ஒட்டும்போது சூப்பர் க்ளூ பக்கம் போகவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்து லாக்கரில் வெண்மையாகப் படியும். புதிதாக நைட்ரோ லாக்கர் அடித்த ஹெட்ஸ்டாக் என்றால் அது ஆறும் வரை சில வாரம் காத்திருந்து, மெல்லிய இரட்டைப்பக்க அக்ரிலிக் டேப்பில் ஒட்டலாம். மரம் ஈரத்தில் விரிந்து சுருங்கும், பித்தளை அதோடு அசையாது. டேப் அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். ட்யூனரின் (கம்பியை முறுக்கும் சாவியின்) அறுகோண புஷ்ஷைத் திருக 10 மி.மீ. ஸ்பானர் நுழைய வேண்டும், அந்த இடத்தைத் தகடு மறைக்கக்கூடாது. நேராக இருக்கிறதா என்று ஹெட்ஸ்டாக் ஓரத்தை வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். கம்பிகளைப் பூட்டிவிட்டு, அவற்றின் போக்கோடு மாஸ்கிங் டேப்பில் கோடு போட்டு அதன்படி வையுங்கள். எடுக்க வேண்டி வந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, மீன்பிடி நரம்பை அடியில் விட்டு அறுத்தெடுக்கலாம். கத்தி வைத்து நெம்பினால் லாக்கரும் கூடவே உரிந்து வரும்.