பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளம்: புளியங்குளத்து ரயில் கதையைத் தேடிய எட்டு மாதம்

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மணி என்று தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு. மீள்குடியேறி வந்த காலத்தில் பற்றைக்குள் கிடந்ததை யாரோ இழுத்து வந்து வேப்பமரக் கொப்பில் கம்பியால் கட்டிவிட்டார்கள். தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் சந்தியில் என் போட்டோக்கொப்பிக் கடையைத் திறக்கிறேன். போன வைகாசியில் மகள் கேட்டாள்: "அப்பா, இது எந்தக் கோச்சி ஓடின தண்டவாளம்?" எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழமையில் கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது தை பிறந்துவிட்டது.

புளியங்குளம் இலங்கையின் வடக்கே, வன்னியில், ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், ஏ9 வீதியில் நெடுங்கேணிக்குத் திரும்புகிற சந்தி. ரயில் பாதையும் வீதியும் இங்கே அக்கா தங்கை மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. இப்போது நிற்கும் நிலையம் புதுசு. 2013 செப்டெம்பர் 14 ஆம் திகதி ஓமந்தையில் இருந்து கிளிநொச்சி வரைக்கும் பாதை திறந்தபோது எங்களுக்குத் திரும்பக் கோச்சி வந்தது. அதற்கு முன் 1990 ஜூன் 13 உடன் நின்றது. நடுவில் இருபத்து மூன்று வருடம். என் தங்கைக்குத் திருமணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகுதான் அவள் முதன்முதலாகக் கோச்சியைக் கண்டாள். சின்ன வயதில் அவளுக்கு அந்த மண் அணை, சைக்கிள் ஓடுகிற குறுக்குவழி மட்டும்தான்.

முதல் வேலையாகத் தண்டவாளத்தையே படிக்கலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு தண்டவாளத்தின் இடுப்பிலும், அதாவது மேல் தலைக்கும் அடிப் பாதத்துக்கும் இடையில் உள்ள தட்டையான பக்கத்தில், உருக்காலையின் பெயரும் வருடமும் புடைப்பு எழுத்தில் இருக்கும். உருட்டும்போதே விழுகிற எழுத்து. சில அடிக்கு ஒரு தடவைதான் வரும் என்பதால் துண்டில் அது விழுந்திருக்க அதிர்ஷ்டம் வேண்டும். எங்கள் மணிக்கு அந்த அதிர்ஷ்டம் பாதி இருந்தது.

அதிபரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை மணியை இறக்கினேன். கம்பித் தூரிகையால் தேய்க்கப் போனேன். பக்கத்தில் நின்ற வெல்டிங் வேலைக்காரத் தம்பி தடுத்தார். "அண்ணை, அதாலை தேய்ச்சா எழுத்தும் போயிடும்." சரியான பேச்சு. மண்ணெண்ணெயில் நனைத்த தேங்காய்ப் பொச்சால் மெல்லத் தேய்த்தோம். துரு கரைந்து செம்மண் நிறத்தில் வழிந்தது. அப்புறம் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினேன். தெளிவில்லை. 19 என்று தொடங்கி 3 என்று முடிகிற ஓர் எண் மட்டும் தெரிந்தது, நடு இலக்கம் கரைந்துபோய்.

இங்கேதான் நான் செய்த பெரிய பிழை. வடக்குப் பாதை முழுதாகத் திறந்தது 1905 ஓகஸ்ட் 1. காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரை 1902 இல் ஓடத் தொடங்கியது. தெற்கே அனுராதபுரம் வரை 1904 இல் வந்தது. வன்னிக் காடுதான் கடைசியாக இணைந்த துண்டு. அந்தக் கணக்கு மண்டையில் இருந்ததால் அந்த எண்ணை 1903 என்று வாசித்துவிட்டேன். வாசித்ததோடு நிற்காமல், "முதல் நாள் போட்ட தண்டவாளம்" என்று தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் சொல்லித் திரிந்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு கடையில் கிடந்த பழைய கார்பன் தாளைத் துணியில் சுற்றி, அதால் உரசிப் பார்த்தேன். பென்சிலை விட நன்றாகப் பிடித்தது. இரவில் ரோச் லைட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்தேன். நடு இலக்கத்தின் கீழே ஒரு வால் நீண்டது. அது 2. 1923. பாதை போட்டுக் கிட்டத்தட்ட இருபது வருடத்துக்குப் பிறகு, தேய்ந்ததைக் கழற்றி மாற்றிய தண்டவாளமாகத்தான் இருக்க வேண்டும். கோயில் வீதியில் திருத்திச் சொன்னபோது ஒருவரும் கவனிக்கவில்லை. 1903 தான் இன்னும் ஊரில் ஓடுகிறது.

நிறையையும் பார்த்தோம். துண்டின் நீளம் 22 அங்குலம். நெல் நிறுக்கும் தராசில் 21.8 கிலோ. தண்டவாளத்தை அந்தக் காலத்தில் மூன்று அடிக்கு இத்தனை இறாத்தல் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் 78, 79 வருகிறது. துருவில் போனதையும், தொங்கவிடத் துளைத்த ஓட்டையையும் சேர்த்தால் 80 இறாத்தல் ரகம். நூறு தடவை அடித்துப் பார்த்த பொருளை ஒரு தடவை நிறுத்துப் பார்த்ததில் எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம்.

தண்டவாளத்தை விட, அதற்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகள்தான் ஊருக்குள் கூட. 1990 க்குப் பிறகு பாதையில் கிடந்த இரும்பும் மரமும் பங்கருக்குப் போயின. தண்டவாளம் குறுக்கே, கட்டை அதன்மேல், அதன்மேல் மண். 1997 இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கைச் சண்டை எங்கள் ஊரைத் தாண்டிப் போனபோது எல்லாம் புதைந்தும் சிதறியும் போயின. மிஞ்சியவை இப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற பலகை, மாட்டுக் கொட்டிலின் தூண், ஒரு வீட்டில் வாசற்படி.

ஒரு கட்டை உண்மையிலேயே சிலிப்பர் கட்டைதானா என்று எப்படி அறிவது? வன்னியில் பாலை மரத்துக்குப் பஞ்சமில்லை, பழைய தூண் எல்லாம் ஒரே மாதிரிக் கறுத்துத்தான் இருக்கும். ஆணித் துளையைப் பார்த்தேன். தண்டவாளத்தின் பாதத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஆணி அடித்திருப்பார்கள், எனவே இரண்டு தண்டவாளத்துக்கும் இரண்டு சோடித் துளை. நம் நாட்டு அகலப் பாதையின் அளவு 5 அடி 6 அங்குலம். வாசற்படிக் கட்டையில் உள்பக்கத் துளைகளுக்கு இடையே அளந்தேன். 5 அடி 3 அங்குலம்தான் வந்தது. மூன்று அங்குலம் எங்கே போனது? இரண்டு நாள் இதே யோசனை. பிறகு நிலையத்து மேடையில் நின்று கீழே பார்த்தபோது பிடிபட்டது. 5 அடி 6 என்பது தலைக்கும் தலைக்கும் இடைப்பட்ட தூரம். பாதம் தலையை விட அகலம், உள்பக்கமாக ஓர் அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கும். ஆணி அந்தப் பாதத்தின் ஓரத்தில் அல்லவா இறங்குகிறது! இரண்டு பக்கமும் கழித்தால் கணக்குச் சரி. அன்றிலிருந்து அளவுநாடா என் சைக்கிள் பையில்தான். இதுவரை பதினொரு கட்டைகள் இந்தச் சோதனையில் தேறின. நான்கு தேறவில்லை. குறுக்கே அறுத்துக் குட்டையாக்கிய கட்டைகளில் ஒரு சோடித் துளைதான் இருக்கும், அவற்றைச் சந்தேகக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

வாசற்படி வீட்டு ஆச்சி நான் அளக்கும் வரைக்கும் பேசாமல் இருந்தா. கொப்பியை எடுத்ததும் கேட்டா:

"தம்பி, உதெல்லாம் ஏன் எழுதுறாய்? பிறகு வந்து, அரசாங்கச் சாமான் எண்டு தூக்கிக்கொண்டு போவாங்களோ?"

நியாயமான பயம். அன்றே பெயர்களையும் வீட்டு அடையாளத்தையும் அழித்துவிட்டு, க1, க2 என்று இலக்கம் மட்டும் போட்டேன். இப்படி ஏதாவது செய்து பார்க்க நினைப்பவர்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிடுங்கள். இன்னொன்று, பழைய அணை தேடிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றிய இடம் என்று தெரிந்தால் மட்டும் கால் வையுங்கள். தண்டவாளத்திலும் ஏறக்கூடாது. அளவெடுக்கும் ஆசையில் நான் ஒரு நாள் இறங்கி நிலையத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிழை என்னுடையதுதான். பழைய கோச்சி மாதிரி இல்லை இப்போது, சத்தம் காதில் விழும்போது வண்டி பக்கத்தில் வந்துவிடும்.

ஆட்களிடம் கேட்டு எழுதுவதுதான் எனக்கு வராத வேலை. "நிலையத்துக் கிணறு எந்த வருடம் வெட்டினது?" என்று கேட்டால் எழுபது வயது ஐயா கூரையைப் பார்ப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆட்களின் நாட்காட்டி வேறு. "64 புயலுக்கு முன்னமோ பின்னமோ?" என்றால் உடனே பதில் வருகிறது. "யாழ்தேவி விட்ட பிறகு" என்கிறார்கள். அது 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. "77 கலவரத்தில் மலையகத்துச் சனம் வந்து குடியேறினபோது." "83 க்குப் பிறகு." அதற்கு இங்கால் எல்லாமே இடம்பெயர்வுக் கணக்கு, முதலாம் இடம்பெயர்வு, மடுப் பக்கம் போனது, திரும்பி வந்தது. நான் கொப்பியின் இடது ஓரத்தில் இந்த நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி, சொல்கிற கதையை அதற்கு நேரே குறித்துக்கொள்கிறேன். வருடம் தானாக விழுகிறது.

ரெயில்வேயில் போர்ட்டராக இருந்த ஐயா ஒருவர் அயலூரில் இருக்கிறார். மூன்று தடவை போனேன். முதல் தடவை கைபேசியில் பதிந்த ஒன்றரை மணித்தியாலமும் மின்விசிறிச் சத்தத்தில் வீணாய்ப் போனது. இரண்டாம் தடவை விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு முற்றத்து மாமரத்தின் கீழே கதிரை போடச் சொன்னேன். அங்கேதான் அவர் எழும்பி நின்று காட்டினார்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டி வராமல் இருக்க, அந்தக் காலத்தில் டப்லெட் முறை இருந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைத்த பெட்டி ஒவ்வொன்று. இரண்டு பக்கத்து நிலைய அதிபர்களும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு பெட்டியில் இருந்து வட்டமான உலோகத் தகடு ஒன்று வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும் வரைக்கும் மற்றது வராது. அந்தத் தகடு கையில் இருந்தால்தான் சாரதி அடுத்த நிலையம் வரை போகலாம். நிற்காமல் போகிற வண்டிக்கு அதை எப்படிக் கொடுப்பது? பெரிய வளையம் ஒன்றில் தோல் பையைக் கட்டி, பைக்குள் தகட்டைப் போட்டு, மேடையில் நின்று நீட்டுவார்கள்.

"விரலாலை பிடிக்கக் கூடாது தம்பி. பிடிச்சியோ, தோள் மூட்டு கழண்டிடும்" என்று சொல்லிவிட்டு, ஐயா வேலியில் தொங்கிய பழைய சைக்கிள் டயரை எடுத்து என்னிடம் தந்தார். ஓடி வந்து நீட்டு என்றார். ஓடினேன். அவர் வலது கையை முழங்கையில் மடித்து முன்னே வைத்தார். டயர் கைக்குள் விழுந்த நொடியில் உடம்பையே பின்னுக்குச் சுழற்றினார். எண்பதுக்குக் கிட்ட வயது. செருப்புக்கூட மண்ணில் அரக்கவில்லை. நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தபோது டயர் காதில் அடித்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது எங்கள் பாதையில் வண்ண விளக்குச் சமிக்ஞை, வளையத்துக்கு வேலையில்லை.

கடை வைத்திருப்பதில் ஒரு வசதி, சான்றுகள் தாமாக நடந்து வருகின்றன. பிறப்புச் சாட்சிப்பத்திரம் கொப்பி எடுக்க வந்த ஆச்சி ஒருவர், அதே பொலித்தீன் பைக்குள் இருந்து ஒரு ரயில் டிக்கெட்டையும் மேசையில் போட்டா. தடித்த அட்டை, மூன்றாம் வகுப்பு, புளியங்குளத்தில் இருந்து யாழ்ப்பாணம். திகதி மையில் இல்லை, இயந்திரத்தில் அழுத்தி விழுந்த தடம். விரலால் தடவினால் 81 என்று பிடிபடுகிறது. ஸ்கேனரில் அது விழவேயில்லை. சாய்த்துப் பிடித்துக் கைபேசியில் படமெடுத்தபோதுதான் தெரிந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். டிக்கெட்டை இறங்குகிற இடத்தில் வாங்கிவிடுவார்களே, இது எப்படி வீட்டுக்கு வந்தது? போகவில்லையா? ஆச்சியிடம் கேட்டேன்.

"போனனான், போனனான். அண்டைக்குச் சனம் கூட. நான் வேலிப் பொட்டாலை வந்திட்டன்."

நாற்பது வருடத்துக்கு மேலாக அதைப் பொத்தி வைத்திருந்ததற்குக் காரணம் அந்தப் பயணம் எதற்காக என்பதில் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னா, எழுத வேண்டாம் என்றும் சொன்னா.

காகிதங்களில் தேடியதில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு 1895 இல் வந்தது, ரயிலுக்குப் பத்து வருடம் முந்தியது. அதில் குளங்களும் ஊர்களும் காய்ச்சலும் உண்டு, பாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு வழியில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நில அளவைத் திணைக்களம் போட்ட பழைய வரைபடத்தின் பிரதி ஒன்று கிடைத்தது, அதில் தண்டவாளக் கோட்டின் இரு பக்கமும் குளம் குளமாக நீலம். ஊர்ப்பெயர்கள் எல்லாம் நிலையம் வருவதற்கு முன்னரே அந்தக் குளங்களோடு ஒட்டியிருந்தவைதான், புளி நின்ற குளம், மா நின்ற குளம். கோச்சிக்காக முளைத்த ஊர் எங்களுடையது என்று நான் எழுதி வைத்திருந்த முதல் பக்கத்தைக் கிழித்தேன்.

மார்கழி மழையில் கடையில் ஆட்கள் குறைவு. அந்த நேரத்தில் நான்கு பிறிஸ்டல் போட் அட்டைகளை ஒட்டி, 1980 ஆம் ஆண்டளவில் நிலையத்தடி எப்படி இருந்தது என்று வரைந்தேன். மேடை, நிலைய அதிபரின் விடுதி, சாமான் கொட்டகை, கடவைக் கதவு, தேநீர்க் கடை, மாட்டு வண்டிகள் நின்ற புளிய மரம். ஐந்து பேர் சொன்னதும் ஒத்துவந்தால் மையில், ஒருவர் மட்டும் சொன்னதைப் பென்சிலில். போர்ட்டர் ஐயா மரத்தை மேடைக்கு வடக்கே வைக்கிறார், தேநீர்க் கடைக்காரரின் மகன் தெற்கே வைக்கிறார். இரண்டு மரமும் பென்சிலில் நிற்கின்றன.

அட்டையைக் கடைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நூலில் ஒரு பென்சிலைக் கட்டிவிட்டேன். கொப்பிக்குக் காத்திருப்பவர்கள் பார்க்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். போன வியாழக்கிழமை காலையில் திறந்தபோது விடுதிக்குப் பின்னால் யாரோ ஒரு சின்ன வட்டம் போட்டு, 'கிணறு, கட்டுக்கு நாலு தண்டவாளம்' என்று எழுதியிருந்தது. என்னிடம் அந்தக் கிணறு இல்லை. யார் எழுதினார்கள் என்று இன்னும் பிடிபடவில்லை, எழுத்தைப் பார்த்தால் பழைய ஆள். அந்த வளவுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிறு பின்னேரம் வரச் சொன்னார். மண்ணெண்ணெய்ப் போத்தலும் பொச்சும் கார்பன் தாளும் பையில் வைத்தாயிற்று, மகளும் வருகிறாளாம்.