தலைப்பிரசவத்துக்கு இரண்டு மாவட்டம்: செட்டிநாட்டில் பதிவு முதல் பிறப்புச் சான்றிதழ் வரை

மசக்கை, வாந்தி, மூன்றாம் மாதத்துக் களைப்பு எல்லாவற்றையும் எப்படியோ தாண்டிவிடலாம். நம் பக்கத்தில் ஆளை அலையவிடுவது வேறு. புகுந்த வீடு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்றால் சிவகங்கை மாவட்டம். பிறந்த வீடு கடியாபட்டி, இராயவரம், பொன்னமராவதி என்றால் புதுக்கோட்டை மாவட்டம். நமக்கு எல்லாமே செட்டிநாடுதான், ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வேற்று நாடு. "அங்க பதிஞ்சிருக்கீங்க, அங்கயே போய்க் கேளுங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார். ஏழு மாத வயிற்றோடு வெயிலில் திரும்பி வரும்போதுதான் எங்கே சறுக்கியது என்று யோசிக்கத் தோன்றும்.

சறுக்குவது பெரும்பாலும் முதல் பதிவிலேயே. 12 வாரத்துக்குள் உங்கள் பகுதி நர்சம்மாவிடம் பிக்மியில் (அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளம்) பதிந்து, உங்கள் கர்ப்பத்துக்கான அடையாளமாகத் தரும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை வாங்கிவிட வேண்டும். தனியாரில்தான் பார்க்கிறோம், நமக்கெதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். பிரசவம் முடிந்தபின் அதற்காக ஓடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

பதியும்போது எந்த போன் நம்பரைக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருப்பார்; ரீசார்ஜ் தீர்ந்துபோன அவருடைய ஊர் நம்பரைப் பழக்கத்தில் சொல்லிவிடுவோம். வரவேண்டிய குறுஞ்செய்தி எதுவும் வராது. எப்போதும் கையில் இருக்கும் நம்பரையே கொடுங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. முதல் இரண்டு பிரசவத்துக்கு, 19 வயது நிறைந்திருந்தால் கிடைக்கும். கணக்கு தாயின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் பணம் நிற்கும். ஏன் நின்றது என்று யாரும் தேடிவந்து சொல்லமாட்டார்கள். முதல் மாதத்திலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

ஸ்கேன் விஷயம் சுருக்கம்தான். குழந்தையின் பின்கழுத்து நீர் அளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. அதைத் தாண்டினால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. குறைபாடு பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள். ஏதாவது தெரிந்தால் மேல்பரிசோதனைக்கு நாள் வேண்டும், அதனால் நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் சீட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டு நிற்காதீர்கள். கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

அதிகக் குழப்பம் சர்க்கரைப் பரிசோதனையில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம்; 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. தனியார் லேபில் பெரும்பாலும் வெறும் வயிற்றில் ஒன்று, 1 மணி நேரத்தில் ஒன்று, 2 மணி நேரத்தில் ஒன்று என மூன்று எடுப்பார்கள். அங்கே எல்லைகள் 92, 180, 153. ஒரே பெண்ணுக்கு 2 மணி நேர அளவு 145 வந்தால் இங்கே சர்க்கரை, அங்கே சரி. அதை வைத்து வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். எந்த முறையில் எடுத்தது என்று ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு, எடுக்கச் சொன்ன டாக்டரிடமே காட்டுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

குடித்து 30 நிமிடத்துக்குள் வாந்தி வந்தால் சொல்லிவிடுங்கள், மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். மறைத்தால் பொய்யான நல்ல ரிசல்ட்தான் கிடைக்கும். குடித்த நேரத்தை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். லேப் ஆள் சாப்பிடப் போய்விட்டு இரண்டே முக்கால் மணி நேரத்தில் வந்து ரத்தம் எடுப்பதும் நடக்கிறது. அந்த அளவை நம்பி எந்தப் பயனும் இல்லை.

இந்தச் சர்க்கரைப் பரிசோதனை முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. இரண்டாவது விட்டுப்போவதற்குக் காரணம் வளைகாப்பு. அது முடிந்து பிறந்த வீடு போய்விட்டால் இந்த நர்சம்மா அந்த ஊரில் எடுத்திருப்பார்கள் என்று நினைப்பார், அந்த நர்சம்மா இங்கே எடுத்தாயிற்று என்று நினைப்பார். வளையல் போடுமுன் முடித்துவிடுங்கள். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தபின் உளுந்து இனிப்பான கும்மாயமும், இனிப்பாகச் செய்யும் கறுப்புக் கவுனி அரிசியும் தட்டில் வரும். "கவுனி உடம்புக்கு நல்லதாச்சே" என்பார்கள் ஆச்சிகள். அரிசியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, அதில் கொட்டுகிற சர்க்கரைதான் வில்லங்கம்.

சத்து மாத்திரை பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம் நேரம். இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் இடையில் 2 மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் 1 மணி நேரத்துக்குக் காபி, டீ கூடாது. மலம் கறுத்துப் போவது இயல்பு, பயந்து நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒன்பதாம் மாதத்தில் அவசரமாக ஏற்றுவதைவிட ஐந்தாம் மாதத்தில் சரிசெய்வது எளிது. உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை, கணவருக்கு பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்திலும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும், ரத்த வகை மோதலைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி உண்டு. பிரசவம் பார்க்கும் இடத்தில் அது இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பிறந்த வீடு கிளம்பும் முன் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் படங்கள், ரத்த வகைச் சீட்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போட்டு ஜெராக்ஸும் எடுங்கள். இந்த ஊர் நர்சம்மாவிடம் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் நர்சம்மாவிடம் அதே எண்ணைக் காட்டுங்கள். புதிதாகப் பதிகிறேன் என்று அவர் சொன்னால் விடாதீர்கள். இரண்டு எண் ஆகிவிட்டால் எதில் பணம் வரும், எதில் சான்றிதழ் வரும் என்று அவருக்கும் தெரியாது.

பழைய வீடு என்றால் இன்னொன்று. கழிப்பறை மூன்றாங்கட்டைத் தாண்டிப் பின்னால் இருக்கும், ராத்திரி நான்கு தடவை எழ வேண்டியிருக்கும். ஈரம்பட்ட ஆத்தங்குடிக் கல் வழுக்கும். கடைசி இரண்டு மாதம் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்குக் கட்டிலை மாற்றுங்கள், வழியில் விளக்கு எரியட்டும்.

கால் வீக்கம் பலருக்கும் வரும். முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தாலோ, பி.பி. 140/90-ஐத் தொட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழந்தையின் அசைவு குறைந்தாலும், தண்ணீர்க்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலும், ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த ஊரில். சிக்கல் என்று மதுரைக்கு அனுப்பி அங்கே பிறந்தால் சான்றிதழும் மதுரையில்தான், காரைக்குடியில் கேட்டுப் பயனில்லை. 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகுமுன் ஆஸ்பத்திரி எழுதியிருக்கும் பெற்றோர் பெயரை ஆதாரோடு வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மெய்யப்பன், சிதம்பரம் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் திருத்தம், மனு, நடை. குழந்தையின் பெயருக்கு மட்டும் அவசரம் வேண்டாம். ஐயா பெயரா, அப்பத்தா பெயரா என்று வீட்டில் முடிவாகாவிட்டால் காலியாகவே விடுங்கள். 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.