அறிவியல் டீச்சர் எதற்கு வாசிப்பு சொல்லித்தர வேண்டும்?

வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். தமிழ்வழி. எங்கள் பிள்ளைகளிடம் வாய்மொழியாகக் கேட்டால் பதில் டாண் டாணென்று வரும். அதையே எழுதச் சொன்னால் ஒன்றரை வரியில் நின்றுவிடும். புத்தகத்தைத் திறந்து நீயே படி என்றால் பெரும்பாலானவர்கள் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பார்கள். இதற்கு எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிற வைத்தியம் ஒன்றுதான். பாடத்தை ஆசிரியரே வாயால் சொல்லிவிடுவார், கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைக்குப் புத்தகத்தை வாசிக்கும் தேவையே வராமல் போய்விடும்.

தமிழ் ஆசிரியர் மட்டுமல்லாமல் எல்லாப் பாட ஆசிரியர்களும் வாசிப்புக்கும் எழுத்துக்கும் துணை நிற்பது எப்படி என்ற பயிற்சிக்கு என் பெயர் வந்தபோது ஸ்டாஃப் ரூமில் ஒரே முணுமுணுப்பு. “தமிழய்யா வேலையும் இனி நம்ம தலையிலயா?” என்று கேட்டார்கள். ஆனால் இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் மொழிக் கல்வியைப் பற்றி 1975ஆம் ஆண்டு வந்த புல்லக் அறிக்கையே, மொழியை எல்லாப் பாடங்களிலும் வளர்க்க ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கொள்கை வேண்டும் என்று சொன்னது. நம் பள்ளிக் கல்விக்கு வழிகாட்டிய தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு 2005, அறிவியல் வகுப்பும் கணித வகுப்பும் மொழி வகுப்புகளே என்றது. நான் பி.எட். முடித்தபோது அது ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டாண்டாக மாறியபோதுதான், கலைத்திட்டம் முழுவதிலும் மொழி என்பது தனிப் பாடமாக உள்ளே வந்தது. எனக்கு முன்னால் படித்தவர்களுக்கும் என் வயதுக்காரர்களுக்கும் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

பயிற்சியின் முதல் வேலையே எங்களை உலுக்கிவிட்டது. அறிவியல், கணிதம், சமூக அறிவியல் ஆசிரியர்களாகிய எங்கள் கையில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் இருந்து ஒரு பத்தியைக் கொடுத்தார் ஆசிரியர் பயிற்றுநர். குறிப்பேடு, பேரேடு, எடுத்தெழுதுதல், பற்று, வரவு. எல்லாமே தமிழ்ச் சொற்கள்தான், எல்லோரும் சரளமாக வாசித்தோம். “சரி, இப்போ புத்தகத்தை மூடிட்டுச் சொல்லுங்க” என்றார். அறையில் சத்தமே இல்லை. இரண்டு பட்டம் வாங்கியவர்கள் நாங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் தினமும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்து, உரக்கச் சிந்தித்தபடி வாசித்துக் காட்டுவது. கேட்க எளிது, செய்யும்போதுதான் கஷ்டம் தெரிகிறது. ஒரு வாக்கியத்தை வாசிக்கும்போது நம் மனசுக்குள் நடப்பதைப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். நமக்கோ அது கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதைப் பிரித்துப் பார்க்க நாங்கள் வெகுநேரம் திணறினோம்.

நான் எடுத்துக்கொண்டது பத்தாம் வகுப்பின் முதல் பாடம், இயக்க விதிகள். நியூட்டனின் முதல் விதியைப் பலகையில் இப்படி எழுதினேன்: “புறவிசை ஒன்று செயல்படாத வரை, ஓய்வு நிலையில் உள்ள பொருள் ஓய்விலேயும், சீரான திசைவேகத்தில் நேர்கோட்டில் இயங்கும் பொருள் அதே இயக்கத்திலேயும் தொடர்ந்து இருக்கும்.”

ஒப்பிக்கச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் ஒப்பிப்பார்கள். நான் நிறுத்தி நிறுத்திப் பேசினேன். “இங்கே எத்தனை பொருளைப் பற்றிச் சொல்லியிருக்கு? ஒண்ணு சும்மா இருக்கு, இன்னொண்ணு போய்க்கிட்டே இருக்கு. ‘தொடர்ந்து இருக்கும்’ யாருக்கு? கடைசியில வருது, அதனால ரெண்டாவதுக்கு மட்டும்தானா? இல்ல, ரெண்டுக்கும்.” பிறகு கேட்டேன்: “விசை செயல்பட்டா என்ன ஆகும்? அது இந்த வாக்கியத்துல எழுதியிருக்கா?” பின் பெஞ்சில் இருந்து ஒரு பையன், “எழுதல மிஸ், ஆனா மாறிடும்னு தெரியுது” என்றான். ‘செயல்படாத வரை’ என்ற இரண்டு சொற்களுக்குள் அது ஒளிந்திருப்பதை அவனே காட்டினான்.

எங்கள் பகுதியில் கேரம் ஆடாத தெரு கிடையாது. காயின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடிக் காயினை ஸ்ட்ரைக்கரால் வேகமாக அடித்தால் அது மட்டும் பறந்துபோய், மேலே உள்ளவை அப்படியே இறங்கி உட்காரும். இந்தச் சோதனையை முன்பும் செய்து காட்டியிருக்கிறேன். இந்த முறை சோதனை முடிந்ததும் வாக்கியத்துக்குத் திரும்பினோம்: இதில் புறவிசை எது, ஓய்வில் உள்ள பொருள் எது, வாக்கியத்தின் எந்தப் பகுதி இங்கே நடந்தது? என்னைக் கேட்டால் முக்கியமான வேலை இந்தத் திரும்பிப்போவதுதான். செயல்முறை நம் வகுப்புகளில் நிறையவே நடக்கிறது. அதற்கும் புத்தகத்தில் உள்ள வரிக்கும் நடுவே பாலம் போடத்தான் ஆள் இல்லை.

கணித சார்தான் கடைசி வரை மறுத்துக்கொண்டிருந்தார். போர்ஷன் முடியாது என்பது அவர் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. அவரை மாற்றியது ஒரே ஒரு கணக்கு. 500 ரூபாய்ப் பொருளின் விலை ‘20 சதவீதம் குறைந்தது’ என்றால் 400 ரூபாய். ‘20 சதவீதமாகக் குறைந்தது’ என்றால் 100 ரூபாய். இரண்டையும் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் 400 என்றே எழுதியிருந்தார்கள். கழித்தலில் யாருக்கும் தவறு இல்லை. அன்று முதல் எழுத்துக் கணக்குகளில் விடை காணும் முன்பு, ‘என்ன கொடுத்திருக்கு, என்ன கேட்டிருக்கு’ என்பதைப் பிள்ளைகள் சொந்த வார்த்தையில் எழுதிய பிறகுதான் பேனாவைக் கணக்கில் வைக்க விடுகிறார்.

சமூக அறிவியல் மிஸ் எடுத்த வழி வேறு. பாலின்சார், பிரவுன் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவர் 1984இல் எழுதிய முறையை ஒட்டியது அது. நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாததைத் தெளிவாக்குவார், ஒருவர் சுருக்கிச் சொல்வார். அடுத்த பத்திக்கு வேலைகள் கைமாறும். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிய பகுதியை இப்படி நடத்தினார். அந்தச் சங்கத்தின் களமாக இருந்த பெரம்பூர் பி அண்டு சி துணி மில்லில் தாத்தா வேலை பார்த்த பிள்ளைகள் எங்கள் பள்ளியில் உண்டு. அவர்கள் குழுக்களில் கேள்விகள் புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டன. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

எழுத்து விஷயத்தில் நாங்கள் செய்தது சின்ன மாற்றம். பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வின் 75 மதிப்பெண்ணில் நான்கு மதிப்பெண், ஏழு மதிப்பெண் கேள்விகள் மட்டுமே 49. அங்கேதான் பிள்ளைகள் சரிகிறார்கள். ‘காரணம் கூறுக’ என்றால் பதிலில் ‘ஏனெனில்’ இருந்தே ஆக வேண்டும். ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டு பக்கமும் ஒரே அம்சத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதற்கான வாக்கியச் சட்டகங்களை, அதாவது இட்டு நிரப்ப இடம் விட்ட மாதிரி வாக்கியங்களை, சுவரில் ஒட்டினோம். முதலில் அதைப் பார்த்து எழுதினார்கள். அப்புறம் பார்க்காமலே ‘எனவே’ போட்டு அடுத்த வரிக்குப் போக ஆரம்பித்தார்கள். எனக்கு இதில் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. எழுத்துக் கூட்டவே தடுமாறும் சில பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு இங்கே தமிழில் படிப்பவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன எதுவும் எழுத்து கூடாத பிள்ளைக்கு உதவாது. அவர்களுக்குத் தமிழய்யா மாலையில் தனியாக உட்காருகிறார். நாங்கள் எங்கள் பாடத்தில் அடுத்த வாரம் வரப்போகும் சொற்களை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுகிறோம். பாடம் தொடங்கும்போது அந்தச் சொற்களாவது அவர்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும்.

இந்தப் பயிற்சிக்குப் போகப்போகிற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாடப்புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். பொதுவாகப் பேசினால் வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்துவிடும். அடுத்த வாரம் நீங்கள் நடத்தப்போகும் பக்கத்தைப் பிரித்து, இதை எப்படி வாசித்துக் காட்டுவீர்கள் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். அவர் வாசித்து முடித்ததும் அங்கேயே, மற்றவர்கள் முன்னால், நீங்களும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வகுப்புக்குள் போகும்போது அது இரண்டாவது முறையாக இருக்கட்டும்.