பிறைக்குள் ஒரு மணிச்சரம்

தை மாதத்தில் எங்கள் ஊருணியிலிருந்து ஒரு கைப்பிடி வேலம்பாசியை எடுத்துக் குவளைக்குள் பிழிந்து, அடியில் படிந்த வண்டலில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது, பிறை போல் வளைந்த பச்சைச் செல்கள் பல தெரிந்தன. அவை டெஸ்மிட் எனப்படும் நுண்ணிய பச்சைப்பாசிகளில் ஒன்றான குளோஸ்டீரியம். டெஸ்மிட் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் இடை போன்ற ஒடுக்கம் உண்டு. குளோஸ்டீரியத்துக்கு அது இல்லை. ஆனால் உட்கரு இருக்கும் நடுப்பகுதியில் பச்சை அறுபட்டிருக்கும். இரு நுனிகளிலும் உள்ள நுண்குமிழ்களில் படிகத் துகள்கள் ஓயாமல் துடிக்கும். இரண்டையும் கண்டதால் பேரினத்தில் ஐயமில்லை. சிற்றினத்துக்குத்தான் மூன்று மாலைகள் பிடித்தன.

உள்வளைவின் நடுப்பகுதி புடைத்திருந்தது. ஆகவே எரன்பெர்கி, மோனிலிஃபெரம் ஆகிய இரண்டு குளோஸ்டீரியச் சிற்றினங்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கருதினேன். பத்து மடங்கு பொருளருகு வில்லையில் என் கண்ணருகு அளவுகோலின் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். பன்னிரண்டு செல்களை அளந்ததில் நீளம் 240 முதல் 310 வரை வந்தது. எரன்பெர்கி பொதுவாகப் பெரியது என்றாலும், இந்த அளவு இரண்டுக்கும் பொருந்துவதால் அளந்த உழைப்பு முடிவைத் தரவில்லை.

தீர்ப்புச் சொல்வது பைரினாய்டுகளின், அதாவது பசுங்கணிகத்துக்குள் மாவுப்பொருள் சூழ்ந்திருக்கும் புரத மணிகளின், அடுக்கு: எரன்பெர்கியில் அவை பசுங்கணிகம் முழுவதும் சிதறியிருக்கும், மோனிலிஃபெரத்தில் ஒரே வரிசையில் நிற்கும். பசுங்கணிகத்தில் நீளவாட்டில் ஓடும் மேடுகள் மறைத்ததால் முதலில் எனக்குச் சிதறியவையாகவே தோன்றின. எரன்பெர்கி என்று எழுதியும் விட்டேன். உறுதிசெய்ய அயோடின் விட்டபோது அளவு மிஞ்சி, செல் முழுவதும் கறுத்தது. மறுநாள் கரைசலை வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்த்து, மூடுவில்லையின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, எதிர்ப்புறம் வடிதாளால் உறிஞ்சினேன். பைரினாய்டுகளைச் சூழ்ந்த மாவுப்பொருள் மட்டும் மெல்லக் கருநீலமாகி, ஒவ்வொரு பாதியிலும் கோத்த மணிகளாக ஒரே வரிசை தெளிந்தது. மோனிலே என்ற இலத்தீன் சொல்லுக்குக் கழுத்தணி என்பது பொருள். பெயரை முன்பே யோசித்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும். அயோடின் செல்லைக் கொன்றுவிடும் என்பதால், படிகத் துடிப்பை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் மாலை வெற்றுச் செல்சுவர் ஒன்றைத் தேடிப்பிடித்து, நாற்பது மடங்கு வில்லையில் பார்த்தேன். வரிகளோ நிறமோ இல்லை, நுனி மழுங்கியிருந்தது. எரன்பெர்கியை அடித்து மோனிலிஃபெரம் என்று திருத்தினேன். அதே சொட்டில் இன்னும் வளைந்து, நுனி கூர்ந்த இரண்டு சிறிய செல்களும் இருந்தன. அவை லைப்ளீனி என்ற வேறொரு குளோஸ்டீரியச் சிற்றினமாக இருக்கலாம் என்று பென்சிலால் மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.